சோதனை வேளையில் நிலைத்து நிற்றல்

(குழுவாகக் கூடிப் படிப்பதற்கான பாடம். முன்கூட்டியே வாசித்து வரவேண்டிய பகுதிகள்: மத்தேயு 4:1-11, 2 அரசர் 5:15-27, யாக்கோபு 1:12-15, லூக்கா 22:31-34, 54-62)

எமது கிராமங்களில் சிக்கனக் கடனுதவிச் சங்கம், மாதர் சங்கம், பாலர் பாடசாலை, இளைஞர் கழகம் என்று பல பணிகளைக் கிறிஸ்தவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து சுமக்கிறார்கள். இப்பணிகளைப் பற்றிப் பேசும்போது திட்டம், நிதி, பயிற்சி என்பவற்றைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால் நன்றாகத் தொடங்கிய ஒரு பணி நடுவழியில் முறிந்துபோகும்போது, பல வேளைகளில் அங்கே திட்டம் குறைவாக இருப்பதில்லை. பணியைத் தாங்கிய மனிதர் ஒரு சோதனையில் தளர்ந்துபோனதே காரணமாக இருக்கிறது. ஆகவே சோதனையைப் பற்றிய இந்தப் படிப்பு ஆலயத்துக்கு மட்டும் உரியதன்று. எமது சங்கக் கூட்டத்துக்கும், வயலுக்கும், வீட்டுக்கும் உரியதாகும்.

1. சோதனை என்னும் சொல்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் பள்ளிக்கூடப் பரீட்சையையும் 'சோதனை' என்றே சொல்வோம். பிள்ளை சோதனை எடுக்கிறது என்றால் அது படித்ததை வெளியே காட்டும் வேளை வந்துவிட்டது என்று பொருள். தீமைக்கு இழுக்கும் கவர்ச்சியையும் அதே சொல்லால் குறிக்கிறோம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் இப்படியே. பெய்ராஸ்மோஸ் என்ற ஒரே சொல் பரீட்சிப்பதையும் குறிக்கும், பாவத்துக்கு இழுப்பதையும் குறிக்கும்.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்று உண்டு. ஒரே நிகழ்ச்சி இரண்டு பக்கமாகவும் அமையலாம். அதே வறுமை ஒருவருடைய விசுவாசத்தை உறுதியாக்கலாம். இன்னொருவரைக் களவுக்கு இழுக்கலாம். ஆனால் இழுப்பவர் கடவுள் அல்லர். யாக்கோபு தமது திருமுகத்தில் இதனைத் திட்டவட்டமாகச் சொல்கிறார். கடவுள் எவரையும் தீமைக்குத் தூண்டுவதில்லை. ஒவ்வொருவரையும் இழுப்பது அவரவர் ஆசையே. அந்த ஆசை கருக்கொண்டு பாவத்தைப் பெறுகிறது, பாவம் வளர்ந்து சாவைப் பெறுகிறது என்று ஒரு குடும்பத்தின் பிறப்பு வரிசையைப் போல அவர் அதை விளக்குகிறார்.

இன்னொன்றையும் மனதில் வைக்கவேண்டும். சோதனை வருவது பாவம் அன்று. எம்மில் சிலர், தீய எண்ணம் ஒன்று மனதில் வந்துவிட்டாலே தாம் விசுவாசத்தை இழந்துவிட்டதாக எண்ணிச் சோர்ந்துபோகிறார்கள். ஆண்டவர் இயேசுவும் எல்லா வகையிலும் எம்மைப் போலச் சோதிக்கப்பட்டார், ஆனால் பாவம் செய்யவில்லை என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் (4:15) கூறுகிறது. சோதனை வந்து கதவைத் தட்டுவது எமது கையில் இல்லை. கதவைத் திறப்பதுதான் எமது பொறுப்பு.

2. பசியின் வழியாக வரும் சோதனை

இயேசு சோதிக்கப்பட்ட நேரத்தைக் கவனியுங்கள். யோர்தானில் திருமுழுக்குப் பெற்ற உடனே அவர் பாலைநிலத்துக்குப் போகிறார். 40 நாட்கள் உண்ணாதிருக்கிறார். அதன் பின் பசி எடுக்கிறது. அப்பொழுதே சோதிப்பவன் வருகிறான். முன்னொரு காலம் இஸ்ரயேல் மக்கள் 40 ஆண்டுகள் பாலைநிலத்தில் நடந்தார்கள். உணவுக்காக முறுமுறுத்தார்கள், கடவுளைப் பரிசோதித்தார்கள், பொற்கன்றை வணங்கினார்கள். அவர்கள் விழுந்த அதே இடங்களில் இயேசு நிலைத்து நிற்கிறார். அவர் கொடுக்கும் 3 மறுமொழிகளும், மோசே அந்தப் பாலைநில நாட்களை மக்களுக்கு நினைவூட்டிப் பேசிய இணைச்சட்ட நூலின் 6 ஆம், 8 ஆம் அதிகாரங்களிலிருந்தே எடுக்கப்பட்டவை.

முதற் சோதனை அப்பத்தைப் பற்றியது. அப்பம் கெட்ட பொருளா? இல்லை. பின்னர் இதே இயேசு 5,000 பேருக்கு அப்பம் கொடுத்தார். அன்றாட உணவுக்காகத் தந்தையிடம் மன்றாடவும் கற்றுத் தந்தார். அவருடைய பசி பொய்ப் பசியும் அன்று. சோதிப்பவன் உண்மையான ஒரு தேவையைக் காட்டியே பேச்சைத் தொடங்குகிறான் என்பதுதான் இங்கே படிக்கவேண்டிய பாடம். 'நீ இறைமகன்தானே, உன் வலுவை உனக்காகப் பயன்படுத்தினால் என்ன?' என்பது அவனுடைய நியாயம். தந்தை அனுப்பிய வழியை விட்டு விலகித் தன் தேவையைத் தானே தீர்த்துக்கொள்ளும்படி அவன் தூண்டினான். உணவினால் மட்டும் மனித வாழ்வு நிறைவதில்லை, கடவுளின் வார்த்தை வேண்டும் என்று இயேசு அதை மறுத்தார்.

இதை எமது ஊர் நிலைமையில் வைத்துப் பார்ப்போம். சங்கப் பொருளாளர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் கள்வர் அல்லர். நாணயமானவர் என்பதனாலேயே அங்கத்தவர்கள் அவரைத் தெரிவு செய்தார்கள். பெரும்போகம் தொடங்கும் நேரம். பசளைக்குக் காசு இல்லை. மகளுக்குக் காய்ச்சல். வீட்டு இரும்புப் பெட்டியில் சங்கத்தின் 20,000 ரூபா இருக்கிறது. வங்கியில் போட வெள்ளிக்கிழமைதான் போவார். 'களவா எடுக்கிறேன்? கைமாற்றுத்தானே. நெல் விற்றதும் வைத்துவிடலாம்' என்று ஒரு குரல் உள்ளே பேசுகிறது. அந்தக் குரலில் உண்மையும் கலந்திருக்கிறது. காய்ச்சல் உண்மை, பசளையின் தேவை உண்மை, திருப்பி வைக்கும் எண்ணமும் அந்த நேரத்தில் உண்மைதான். ஆனால் அந்தக் காசு பன்னிரண்டு பெண்கள் முட்டை விற்றும் பாய் இழைத்தும் சேர்த்தது. அவர்களுடைய அனுமதி இல்லாமல் அதில் கை வைத்த நாளில் அவருடைய நாணயம் உள்ளே முறிந்துவிடுகிறது. மழை பிழைத்து நெல் விளையாமல் போனால் அது வெளியேயும் தெரிந்துவிடும்.

அவருக்கு வேறு வழி இல்லையா? இருந்தது. சங்கத்திலேயே முறைப்படி அவசரக் கடன் கேட்டிருக்கலாம். கூச்சம் அதைத் தடுத்தது. சோதனை வரும்போது கடவுள் தப்பும் வழியையும் கூடவே வைத்திருக்கிறார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரி. 10:13). பல வேளைகளில் அந்த வழி வாய் திறந்து ஒருவரிடம் உதவி கேட்பதாகவே இருக்கிறது. அதை எமது கௌரவம் மறைத்துவிடுகிறது.

3. திருவசனத்தோடு வரும் சோதனை

இரண்டாம் சோதனையில் சாத்தான் திருப்பாடல் 91 ஐச் சொல்லிக்கொண்டே வருகிறான். கோவிலின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்கிறான். அந்தத் திருப்பாடல் ஆபத்தில் கடவுளிடம் அடைக்கலம் தேடுவோருக்கு ஆறுதல். வேண்டுமென்றே ஆபத்தை வரவழைத்துக் கடவுளைப் பரீட்சிக்க அதைப் பயன்படுத்துவது வேறு. இயேசு அதை ஏற்கவில்லை. கடவுள் தங்களோடு இருக்கிறாரா இல்லையா என்று மாசாவில் தண்ணீருக்காகத் தர்க்கித்த மக்களின் கதை (விடுதலைப் பயணம் 17) அவருடைய மறுமொழியின் பின்னால் இருக்கிறது.

இன்றும் வசனத்தைச் சொல்லி எம்மை இழுப்பவர்கள் உண்டு. நீரிழிவு உள்ள ஒரு தாய், செபக் கூட்டத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, 'விசுவாசம் இருந்தால் குளிசை எதற்கு?' என்று மருந்தை நிறுத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது விசுவாசம் போலத் தோன்றும். உண்மையில் கோவில் உச்சியிலிருந்து குதிப்பதற்கு ஒப்பானது. செபிப்பதும் கிளினிக்குக்குப் போய் மருந்து எடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

'இதைத் தந்தால் நம்புவேன், தராவிட்டால் விட்டுவிடுவேன்' என்று கடவுளோடு பேரம் பேசுவதும் இதே சோதனையே. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது, நம்பியவர்களும் நம்பாதவர்களும் ஒன்றாகவே பிள்ளைகளை இழந்தார்கள், ஆலயங்களும் இடிந்தன. 'ஏன்?' என்று அழுது கேட்பது பாவம் அன்று. யோபு கேட்டார், திருப்பாடல்கள் கேட்கின்றன. சிலுவையில் ஆண்டவரே அப்படிக் கதறினார். கடவுளிடம் அழுது கேட்பவர் இன்னும் அவரைப் பற்றிக்கொண்டே இருக்கிறார். பேரம் பேசுபவர் கைவிடுவதற்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

4. பதவியும் சலுகையும்

மூன்றாம் சோதனை உயர்ந்த மலையில் நடக்கிறது. உலகின் அரசுகள் எல்லாம் தரப்படும், ஒரு முறை விழுந்து வணங்கினால் போதும் என்கிறான் சோதிப்பவன். உலகை மீட்க வந்தவருக்குச் சிலுவை இல்லாத குறுக்குவழி ஒன்று காட்டப்படுகிறது. கடவுள் ஒருவருக்கே வணக்கம் உரியது என்று இயேசு அவனை விரட்டுகிறார்.

இந்தச் சோதனையை எமது முன்னோர் கண்கூடாக அனுபவித்தார்கள். 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தக் கம்பனி கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தது; குருமார் தங்க முடியாது போயிற்று. கம்பனியின் கீழ் உத்தியோகம் பெற விரும்பியவர் அவர்களுடைய சீர்திருத்த சபையில் திருமுழுக்குப் பெற்றிருக்க வேண்டும். திருமுழுக்கும் விவாகமும் பள்ளித் தோம்புகளில் பதியப்பட்டன. பதவிக்கும் முதுசத்துக்கும் அந்தப் பதிவு உதவியது. ஆகவே சைவர்களும் கத்தோலிக்கரும் பெருந்தொகையாகப் பெயர் பதிந்தார்கள். 1796 இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியபோது அந்தத் தொகை விரைவாகக் கரைந்துபோயிற்று. சலுகைக்காக ஏற்ற பெயர் சலுகை போனதும் போய்விட்டது. அப்படிப் பதிந்தவர்களை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை; அவர்களுக்கும் பிள்ளைகளும் காணியும் இருந்தன. இன்று அந்தச் சபையின் வழிவந்த சகோதரர்களோடு நாம் ஒன்றாகக் கூடிச் செபிக்கிறோம். யாரையும் பழிப்பதற்காக அன்றி, பாடம் கற்பதற்காகவே இந்த வரலாற்றை நினைக்கிறோம்.

அதே காலத்தில் வேறு விதமாக நின்றவர்களும் இருந்தார்கள். கோவாவில் 1651 இல் பிறந்த யோசேப்பு வாஸ் அடிகளார், குருமார் இல்லாத இந்த நாட்டுக்கு 1687 இல் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களை வைத்து மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அறிந்துகொண்டார். இரவில் பூசை வைத்தார். 1689 ஆம் ஆண்டு நத்தார் விழிப்பு இரவில் ஒல்லாந்தப் படையினர் வழிபாட்டுக்குக் கூடியிருந்த வீடுகளுக்குள் புகுந்து சுமார் 200 பேரைப் பிடித்தார்கள். பெண்கள் விடப்பட்டார்கள், ஆண்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. 8 பேர் கடுமையாகக் கசையடி பட்டார்கள். அவர்களில் சீர்திருத்த சபையிலிருந்து திரும்பி வந்திருந்த ஒருவர் அந்த அடியினாலேயே இறந்தார். மற்ற 7 பேரும் கோட்டை வேலையில் ஆயுள் முழுவதும் கடுமையாக உழைக்கும் தண்டனை பெற்றார்கள்.

அந்த மக்கள் பெரும்பாலும் சாதாரண குடியானவர்கள். மறுத்துச் சொல்ல ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. நாளுக்கு நாள் வீட்டில் ஒன்றாகச் செபித்தவர்கள், குரு இல்லாத காலத்திலும் பிள்ளைகளுக்கு மறையறிவு சொல்லிக் கொடுத்தவர்கள் என்பதனாலேயே அந்த இரவில் அவர்களால் நிற்க முடிந்தது. அடிகளார் பின்னர் 1692 இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். 1697 இல் கண்டியில் வைசூரி பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரை மதவேறுபாடு பாராமல் பராமரித்தார். ஆயர் பதவி தேடி வந்தபோது அதனை மறுத்தார். 1711 தை 16 இல் கண்டியில் காலமானார். 1995 இல் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 தை 14 இல் காலிமுகத்திடலில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

இந்த வரலாறு பணியாளராகிய எம்மைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்கிறது. நாம் மற்றவர்களுக்குச் சோதனையாக இருக்கிறோமா? நிவாரணப் பட்டியல் எமது கையில் இருக்கிறது. பசித்த குடும்பம் ஒன்று எம்முன் நிற்கிறது. 'எங்கள் செபக் கூட்டத்துக்கு வந்தால் பார்க்கலாம்' என்று ஒரு சொல் சொன்னால், மலையில் சோதிப்பவன் சொன்னதையே நாமும் சொல்கிறோம். எமது ஆட்கள் என்பதற்காகச் சிலரை மேலே போட்டு, சைவ, பௌத்த, முஸ்லிம் அயலவரைக் கீழே தள்ளினாலும் அதுவே. சிறியோருக்கு இடறலாயிருப்பவர்களைப் பற்றி ஆண்டவர் சொன்ன கடுமையான எச்சரிக்கையை (மத்தேயு 18:6-7) உதவி வழங்குவோர் ஒவ்வொருவரும் பட்டியலைத் திறக்கும் முன் வாசிப்பது நல்லது.

5. வீழ்ச்சி படிப்படியாக வரும்

எலிசா இறைவாக்கினரின் பணியாள் கேகசியின் கதை இதை நன்கு விளக்குகிறது. சிரியப் படைத்தலைவன் நாமான் யோர்தானில் 7 முறை மூழ்கித் தொழுநோய் நீங்கப் பெற்றான். நன்றியாகக் கொடுத்த பொருளை எலிசா வற்புறுத்தியும் வாங்கவில்லை. கேகசிக்கு அது பொறுக்கவில்லை. அவனுடைய வீழ்ச்சியின் படிகளைப் பாருங்கள்.

முதலில் ஒரு நியாயம் தேடினான்: அந்நியனாகிய இவனிடம் வாங்குவதில் என்ன தவறு? பிறகு ஓடினான். மூன்றாவதாகப் பொய் சொன்னான். அதுவும் தனக்கென்று கேட்கவில்லை. எப்ராயிம் மலைநாட்டிலிருந்து வந்த இரண்டு ஏழை இளைஞருக்கு வேண்டும் என்று, இல்லாதவர்களின் பெயரால் கேட்டான். ஒரு தாலந்து வெள்ளி கேட்டவனுக்கு நாமான் இரண்டு தாலந்தும் இரண்டு உடைகளும் கொடுத்தான். நான்காவதாக அதை வீட்டில் ஒளித்துவைத்தான். கடைசியாகத் தலைவர் முன் வந்து, எங்கும் போகவில்லை என்றான். நாமானை விட்ட நோய் அவனைப் பற்றிக்கொண்டது.

ஏழையின் பெயரால் கேட்டுத் தன் வீட்டுக்குள் வைத்தான் என்பது அபிவிருத்திப் பணியில் இருப்போரை நடுங்க வைக்கவேண்டிய செய்தி. பொய்ப் பற்றுச்சீட்டு, வராதவர்களின் பெயர் எழுதிய வரவு இடாப்பு, ஒரே கிணற்றுக்கு இரண்டு நிறுவனங்களிடம் பெற்ற பணம் என்பவை எல்லாம் கேகசி நடந்த பாதையே. முதற் படியில் திரும்புவது இலகு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் திரும்பிவரக் கொடுக்கவேண்டிய விலை ஏறிக்கொண்டே போகும்.

6. நிலைத்து நிற்பதற்குச் சில வழிகள்

(அ) முன்கூட்டியே தீர்மானியுங்கள். பாபிலோன் அரண்மனையில் தானியேல், அரச உணவால் தன்னைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று தொடக்கத்திலேயே உள்ளத்தில் உறுதிகொண்டார் (தானியேல் 1:8). பசி வந்தபின் யோசிப்போம் என்று அவர் இருந்திருந்தால் நின்றிருக்க மாட்டார். சங்கக் காசை ஒரு நாளும் கைமாற்றாக எடுப்பதில்லை, அன்பளிப்பு வாங்கிக்கொண்டு பெயர் சேர்ப்பதில்லை என்று, தேவை இல்லாத நாளிலேயே தீர்மானித்து வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள்.

(ஆ) விலகி ஓடுங்கள். போத்திபாரின் மனைவி யோசேப்பை நாளுக்கு நாள் வற்புறுத்தினாள். அவர் அவளருகே இருப்பதையே தவிர்த்தார். கடைசியில் மேலாடையை விட்டுவிட்டு ஓடினார் (தொடக்கநூல் 39). சில சோதனைகளோடு நின்று வாதாடக்கூடாது. குடியை விட்டவர் சம்பள நாளில் தவறணை இருக்கும் ஒழுங்கையால் வரவேண்டியதில்லை. சற்றுச் சுற்றி வரலாம். சூதாட்டமும் ஆபாசமும் கைத்தொலைபேசி வழியாக வரும் இந்நாளில், இரவில் அதனைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பதும் ஓடுவதற்கு ஒப்பாகும். யோசேப்புக்கு உடனே நன்மை கிடைக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. நேர்மைக்குப் பரிசாகக் கிடைத்தது சிறை. ஆனால் சிறையிலும் ஆண்டவர் அவரோடு இருந்தார் என்று அதே அதிகாரம் சொல்கிறது.

(இ) ஒழுங்கான ஏற்பாடு செய்யுங்கள். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியே கொண்டு போகவில்லை. சபைகள் நம்பிய வேறு சகோதரர்களையும் தீத்துவோடு அனுப்பினார். கடவுள் முன் மட்டுமன்றி மனிதர் முன்னும் காரியங்கள் நேர்மையாக விளங்கவேண்டும் என்பது அவருடைய கருத்து (2 கொரி. 8:18-21). இரண்டு கையொப்பம், அன்றன்றே எழுதும் காசுப் புத்தகம், மாதம் ஒருமுறை எல்லோர் முன்னும் கணக்கு வாசித்தல் என்பவற்றைப் பொருளாளர் மீது வைத்த சந்தேகமாக எடுக்கக்கூடாது. அவை அவரைச் சோதனையிலிருந்து காக்கும் அன்பு. ஒருவர் வீட்டில் பெருந்தொகைக் காசைக் கிடக்க விடுவது நாம் அவருக்குச் செய்யும் தீங்கு.

(ஈ) விழித்திருந்து செபியுங்கள். கெத்செமனியில் ஆண்டவர் சீடரைக் கேட்டது இதுவே (மத்தேயு 26:41). அவர் கற்பித்த செபத்தில், சோதனைக்குள் விழாதபடி காக்குமாறு நாளாந்தம் கேட்கிறோம். அதை 'என்னை' என்று கேட்பதில்லை, 'எங்களை' என்று கேட்கிறோம். ஆகவே அயலவரின் சோதனையும் எமது செபத்துக்குள் வரவேண்டும்.

(உ) ஒருவரிடமாவது மனம் திறந்து பேசுங்கள். இருட்டில் வைத்த சோதனை பெருக்கும். நம்பிக்கையான நண்பரிடமோ, வாழ்க்கைத் துணையிடமோ, பங்குத்தந்தையிடமோ சொல்லிவிட்டால் அதன் பலம் பாதியாகக் குறையும். பாவசங்கீர்த்தனம் விழுந்தவருக்கு மட்டும் உரியதன்று, தள்ளாடுபவருக்கும் அது ஊன்றுகோல்.

7. விழுந்தவர் எழலாம்

பேதுரு உறுதியாக நிற்பேன் என்று எல்லோரிலும் சத்தமாகச் சொன்னவர். விழிக்கச் சொன்ன நேரத்தில் தூங்கினார். ஆண்டவரைத் தூரத்தில் பின்தொடர்ந்தார். தலைமைக் குருவின் முற்றத்தில் நெருப்பைச் சுற்றி அந்நியரோடு தனியே உட்கார்ந்தார். ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கே விழுந்துவிட்டார். வாளுக்கு அஞ்சாதவரை ஒரு சிறு வெட்கம் வீழ்த்தியது.

யூதாசும் மனம் வருந்தினான். 30 வெள்ளிக் காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் தோழரிடம் திரும்பாமல் தனியே போய் அழிந்தான். பேதுரு அழுதார், அழுதபின் தோழரிடம் திரும்பினார். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, உணவு வைத்து அவரை அழைத்தார். 3 முறை மறுதலித்தவரிடம் 3 முறை அன்பைக் கேட்டு, ஆடுகளை ஒப்படைத்தார் (யோவான் 21). விழப்போவதை ஆண்டவர் முன்பே அறிந்திருந்தார். எழுந்தபின் சகோதரரை உறுதிப்படுத்தும் வேலையையும் முன்பே கொடுத்திருந்தார் (லூக்கா 22:32).

ஆகவே எமது குழுவில் ஒருவர் தவறிவிட்டால், மறைத்துவிடுவதும் தகாது, ஊரெல்லாம் தூற்றுவதும் தகாது. உண்மையைச் சொல்லவைத்து, எடுத்ததைத் தவணையாகவேனும் திருப்பிக் கட்டவைத்து, தேவையானால் பொறுப்பை மாற்றி, ஆளை எமது நடுவிலேயே வைத்திருக்க வேண்டும். காசைத் திருப்பிப் பெறுவதோடு வேலை முடிவதில்லை. ஆளையும் திருப்பிப் பெறவேண்டும்.

லூக்கா தமது வரலாற்றை முடிக்கும்போது, சோதிப்பவன் ஒரு காலம்வரைக்கும் இயேசுவை விட்டுப்போனான் என்று எழுதுகிறார் (4:13). அவன் திரும்பி வருவான் என்பது அதன் பொருள். ஒரு முறை வென்றவர் காவலை எடுத்துவிடக்கூடாது. அவன் மீண்டும் எமது பசியின், களைப்பின், வெட்கத்தின் வழியாகவே வருவான். அந்த நேரத்தில் புதிதாகப் பலம் தேட முடியாது. இன்றைய செபமும், இன்றைய நேர்மையான கணக்கும், இன்றைய நல்ல நட்புமே அன்றைக்கு எம்மைத் தாங்கும்.

கலந்துரையாடுவதற்கான வினாக்கள்

1. எமது ஊரில் உண்மையான தேவையின் வழியாக வரும் சோதனைகள் எவை? விவசாயி, மீனவர், இளைஞர், குடும்பப் பெண் ஆகிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பட்டியலிடுங்கள்.

2. பொருளாளர் ஒருவருக்கு அவசரத் தேவை வந்தால், கூச்சமின்றிக் கேட்கக்கூடிய ஏற்பாடு எமது சங்கத்தில் உண்டா? இல்லாவிட்டால் அதை எப்படி அமைக்கலாம்?

3. நாம் உதவி வழங்கும் முறையில் யாருடைய மனச்சாட்சிக்காவது இடறல் உண்டா? வேறு மதத்தவரான அயலவர் எம்மைப் பற்றி என்ன சொல்வார்?

4. கேகசியின் எந்தப் படியில் அவனைத் தடுத்திருக்கலாம்? யார் தடுத்திருக்கலாம்?

5. தவறிய ஒருவரை மீண்டும் சேர்த்துக்கொண்ட அனுபவம் எமது ஊரில் உண்டா? (ஆளின் பெயரைச் சொல்லாமல், நடந்த முறையை மட்டும் பேசுங்கள்.)

இந்தக் காலாண்டுக்குரிய செயல்

அடுத்த சங்கக் கூட்டத்தில் காசுப் புத்தகத்தையும் வங்கிப் புத்தகத்தையும் எல்லோர் முன்னிலையிலும் ஒப்பிட்டு வாசியுங்கள். அதன் முடிவில் பொறுப்பாளர்களுக்காகச் சிறிது நேரம் மௌனமாகச் செபியுங்கள். வேறு மதத்தவர் இருந்தால் அவர்கள் தங்கள் முறைப்படி மன்றாடட்டும்.

செபம்: ஆண்டவரே, பசியில் எமக்கு உணவும், அதைவிட உமது வார்த்தையும் தாரும். களைத்த நேரத்தில் ஒரு நல்ல தோழரை எம்மருகே வையும். எமது கையில் இருக்கும் ஏழையின் காசை எமது கண்ணின் மணி போலக் காக்கச் செய்யும். எம்மால் எவரும் இடறாதிருக்கட்டும். விழுந்தால் உம்மிடமும் எமது சகோதரரிடமும் திரும்பிவரத் துணிவு தாரும். ஆமென்.